ஒன்பது முறை அழிக்கப்பட்ட ஒரே டைமிங் பெல்ட்

அனுப்புநர்
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி,
நோர்மீரா.
(பெயரைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போது பேனா வரவில்லை.)

பெறுநர்
திருமதி மைவோர் லிண்ட்ஃபெல்ட் அவர்கள்,
நுகர்வோர் ஆலோசனை அலுவலர்,
நகராட்சி அலுவலகம்,
நோர்மீரா.

பொருள்: டைமிங் பெல்ட்டை மாற்றாமலேயே மாற்றியதாகச் சொல்லி 11,900 குரோனர் வசூலித்தது – நிறைமாதக் கர்ப்பிணியான திருமதி லீசன் பியூஸ்ட்ரோம் தம் காரில் பிரசவத்திற்குப் புறப்படுவதற்கு முன் அவரைத் தடுத்து நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

பார்வை: ஸ்ட்ராண்ட்மார்க் கார் பட்டறையின் பில், நாள் 23 ஜனவரி.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. தாங்கள் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், காலை எட்டரை மணி முதல் பன்னிரண்டு வரை, நோர்மீராவில் அமர்கிறீர்கள் என்று அலுவலகக் கதவில் ஒட்டியிருக்கிற தாள் சொல்கிறது. மற்ற நாட்களில் தங்களை வேறு இரண்டு நகராட்சிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஏமாறுகிறவர்கள் கிழமை பார்த்து ஏமாற வேண்டும் போலிருக்கிறது. இதைத் தங்கள் மீது குறையாகச் சொல்லவில்லை. நாளை செவ்வாய்க்கிழமை என்பதால் இன்றிரவே எழுத வேண்டியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

2. என் புகார் திரு. டோர்க்னி ஸ்ட்ராண்ட்மார்க் அவர்கள் மீது. ஆற்றுப் பாலத்தை அடுத்த கார் பட்டறை அவருடையது. தாங்கள் அவரை அறிந்திருப்பீர்கள். சிறுவர் ஹாக்கி அணியின் சட்டைகளில் முதுகு முழுவதும் அவர் பெயர்தான் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அவர் என் அம்மாவின் துணைவர். பட்டறைக்கு மேலேயுள்ள வீட்டில் நாங்கள் மூவரும் இருக்கிறோம். வீடு அவருடையது. அதை அவர் ஒருபோதும் சொல்லிக்காட்ட மாட்டார். நாங்கள் மறந்துவிட்டதாக அவருக்குத் தோன்றினால் மட்டும் நினைவூட்டுவார்.

3. டைமிங் பெல்ட் என்றால் என்ன என்று தாங்கள் அறிந்திருக்கத் தேவையில்லை. மற்றவர்கள் அறியாமல் இருப்பதில்தான் திரு. ஸ்ட்ராண்ட்மார்க் அவர்களின் பிழைப்பே நடக்கிறது. அது எஞ்சினில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் பல் வைத்த ரப்பர் பட்டை. எஞ்சினின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றோடொன்று மோதாமல் முறை வைத்து இயங்குவது அதனால்தான். அறுவதற்கு முன் அது சத்தம் போடாது, விளக்கு எரியாது. அறுந்த அந்த நொடியில் பிஸ்டன்கள் வால்வுகளில் இடித்து எஞ்சின் பழைய இரும்பாகிவிடும். பெல்ட்டின் விலை பெரிதில்லை. அதை எட்டுவதற்குக் காரின் முன்பக்கத்தில் பாதியைக் கழற்ற வேண்டும், செலவு அதில்தான். ஐந்தரை மணி நேரம் கழற்றினால்தான் எட்டும் என்பதால் அந்த இடத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. திருடுவதற்குக் காரில் இதைவிட வசதியான இடம் கிடையாது.

4. பார்வையில் கண்ட பில்லின் விவரம்: பெல்ட் செட் 2,950. வாட்டர் பம்ப் 1,600. கூலன்ட் 450. கூலி, மணிக்கு 1,200 வீதம் ஐந்தரை மணி நேரத்துக்கு 6,600. கடைசி வரியில், “பழைய பெல்ட்டைச் சுற்றுச்சூழல் விதிகளின்படி அழித்ததற்கு 300”. மொத்தம் 11,900 குரோனர்.

மற்ற வரிகளுக்குப் பிறகு வருகிறேன். கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன், ஏனென்றால் அந்தப் பழைய பெல்ட் அழியவில்லை. பட்டறையில், காப்பி மேசைக்குப் பின்னால், காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. இன்றிரவு பத்து மணி வரை.

5. பள்ளி விட்டு வந்ததும் பட்டறையின் காப்பிக் குவளைகளைக் கழுவி வைப்பது என் வேலை. வண்டியைத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாலும் மூன்று மணிக் காப்பியின்போது என்பதால், நடப்பதை நான் கழுவுதொட்டிக்கருகில் நின்று பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளரை உட்கார வைப்பார். ஒரு கையில் காப்பி, மறு கையில் இலவங்கப்பட்டை பன். இரண்டு கையும் நிறைந்த பிறகுதான் அவர் ஆணிக்குப் போவார். பெல்ட்டை இரண்டு விரலால் எடுத்து வந்து, முகத்துக்கு நேரே வைத்து வளைப்பார். வெடிப்புகள் வாய் திறக்கும்.

“பாத்தியா? இது உன் வண்டியில இருந்தது. இன்னும் ஒரு நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தா முடிஞ்சுது கத. நல்ல நேரத்துல வந்து சேந்த.”

வந்தவர் நம் ஊர் வழக்கப்படி மூச்சை உள்ளே இழுத்து ‘ஆமா’ என்பார். அவ்வளவுதான், பில்லைக் கட்டிவிடுவார்.

நம் ஊரார் ரசீது இல்லாமல் தீப்பெட்டி கூட வாங்க மாட்டார்கள். ஆனால் ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டிய பொருளைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பது அவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம் என்று நினைக்கிறார்கள். அந்த அவமரியாதையைச் செய்யக் கூடாதே என்று பன்னிரண்டாயிரம் குரோனரைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இதுவரை ஒருவர் கூட அந்தப் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்ததில்லை.

6. ஒரே ஒருவர் கை நீட்டினார். செப்டம்பரில், திரு. எவெர்ட் நியூலென். ஏரியில் பிடித்த மீனின் எடையை யாராவது குறைத்துச் சொன்னால் மூன்று வாரம் பேச மாட்டார், அவ்வளவு கறாரானவர். அவரும் சந்தேகப்பட்டு நீட்டவில்லை.

“அத எனக்குக் குடுத்துருப்பா டோர்க்னி. படகு ஓரத்துல கட்டி வச்சா கரையில உரசாது.”

“குடுக்க ஆசதான் எவெர்ட். விதி விடமாட்டேங்குதே. எண்ணெ பட்ட ரப்பரு. எடை போட்டு, சீட்டு ஒட்டி, அனுப்பணும். ஒண்ணு கொறஞ்சாலும் என் லைசென்ஸ் போயிரும்.”

“அப்டியா? விதின்னா விதிதான்.”

“ஒனக்குன்னு இன்னொரு பன்னு இருக்கு, எடுத்துக்க.”

நீட்டிய கை பன்னுக்குத் திரும்பியது. திரு. நியூலென் போன பிறகு, விதிகளின்படி அழிக்கப்பட வேண்டிய பெல்ட் திரு. ஸ்ட்ராண்ட்மார்க்கின் சீட்டி ஒலியோடு ஆணிக்குப் போனது. அன்று அதன் உட்பக்கத்தில் வெள்ளைத் திருத்தப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. அதன் பிறகு ஒவ்வொரு முறை அது வேறொருவருடைய காரிலிருந்து கழற்றப்பட்டதாகக் காட்டப்பட்டபோதும் ஒரு புள்ளி வைத்தேன். இப்போது ஒன்பது புள்ளிகள் இருக்கின்றன. ஒன்பது முறை அழிந்து, அழிந்ததற்கு மட்டும் 2,700 குரோனர் சம்பாதித்த பெல்ட் நாட்டில் வேறு எங்கும் இருக்காது.

அது எந்தக் காரினுடையது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு 153 பற்கள். மூன்று முறை எண்ணினேன். லீசனின் காருக்கு வேண்டிய பெல்ட்டுக்கு 141 பற்கள்தான். புதிய செட்டின் அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது.

7. இனி லீசனைப் பற்றி. திருமதி லீசன் பியூஸ்ட்ரோம் கூட்டுறவுக் கடையில் கல்லாவிலும் பார்சல் முகப்பிலும் வேலை செய்கிறார். அவர் கணவர் நார்வேயில் இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு என்று இருப்பவர். பிப்ரவரி 25 வரை வர மாட்டார். குழந்தைக்குக் குறித்த நாள் 20.

ஜனவரியில் குளிர்கால டயரில் காற்று பார்க்க வந்த லீசனிடம் திரு. ஸ்ட்ராண்ட்மார்க் சொன்னது என் காதில் விழுந்தது.

“டைமிங் பெல்ட் எப்ப மாத்துனது லீசன்?”

“தெரியலையே. நாங்க வாங்குறப்பவே பழைய வண்டிதான்.”

அவர் வண்டியின் கையேட்டைப் புரட்டினார். “பதினஞ்சு வருஷம் ஆச்சும்மா. பத்து வருஷத்துக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு இதுலயே போட்டுருக்கான். இந்தப் பெல்ட்ட நம்பியா புள்ள பெக்கப் போற?”

“எவ்ளோ ஆகும்?”

“காசப் பத்தி நீ ஏன் கவலப்படுற? ஒனக்கு நான் நியாயமா போட்டுத் தரேன்.”

பெல்ட்டுக்குப் பதினைந்து வயது என்பது உண்மை. அம்மையீர், இந்த விவகாரம் முழுவதிலும் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதை வைத்துத்தான் அவர் சம்பாதித்தார்.

8. ஜனவரி 23 அன்று காலை ஏழரைக்கு லீசன் காரைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்திவிட்டு நடந்து போனார். நான் குளிர்காலத் தொற்று வாந்தி வந்து வீட்டில் இருந்தேன். வாந்தி நின்றும் இரண்டு நாள் பள்ளிக்கு வரக் கூடாது என்பது விதி. திரு. ஸ்ட்ராண்ட்மார்க் அவர்களுக்கு உதவாத ஒரே விதி இதுவாகத்தான் இருக்கும். என் ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. எட்டு மணியிலிருந்து பனி பெய்தது. மதியம் பானட்டின் மேல் ஒரு சாண் பனி இருந்தது. இரண்டரை மணிக்கும் அதே பனி, கூடுதலாக அதன் மேல் ஒரு பறவையின் கால் தடம். முன்பக்கத்தில் பாதியைக் கழற்றிய காரின் மேல் பறவை நடக்க முடியாது.

இரண்டரைக்கு மேல் அவர் பனியைத் துடைத்து, காரை உள்ளே கொண்டுபோய்க் கழுவி, “டைமிங் பெல்ட் மாற்றப்பட்டது” என்று தேதியும் கிலோமீட்டரும் எழுதிய ஸ்டிக்கரை பானட்டுக்கு உள்ளே ஒட்டினார். நேராகவும் அழகாகவும் ஒட்டுவார், அதைப் பாராட்ட வேண்டும். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாதிப் படி இறங்கி நின்றேன். மூன்று மணிக்கு லீசனுக்குக் காப்பியும், பன்னும், பெல்ட்டும். அது ஒன்பதாவது புள்ளி.

9. அடுத்து நான் எழுதப்போவது என் மீதான புகார்.

வாங்கிய செட்டை முப்பது நாளுக்குள் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் கிடைக்கும். வாங்கியதற்கு ரசீது அவர் கோப்பில் இருக்கும், பொருள் மட்டும் இருக்காது. பெட்டிகளைக் கடையின் பார்சல் முகப்பில் சேர்ப்பது என் வேலை. பெட்டி மேலுள்ள கார் எண் சீட்டைக் கிழித்துவிட்டுக் கொண்டுபோகச் சொல்வார். பிப்ரவரி 2 அன்று கிழித்த சீட்டில் லீசனின் கார் எண் இருந்தது. அந்தப் பெட்டியை நான் லீசனிடமே கொடுத்தேன்.

“ஏ கண்ணு, என்ன இவ்ளோ கனம்? டோர்க்னி தங்கக்கட்டி அனுப்புறாரா?”

“உதிரிபாகம். திருப்பி அனுப்புறோம்.”

“அளவு தப்பாயிருச்சா?”

“ஆமா.”

“பாவம், அவருக்கும் எத்தன தலவலி.” முகவரிச் சீட்டை ஒட்டிக்கொண்டே வயிற்றைத் தட்டிக் காட்டினார். “இவனுக்கு வாங்குன மொதப் பரிசே பெல்ட்டுதான் தெரியுமா? தள்ளுவண்டிக்கு வச்சிருந்த காசு. பரவால்ல, தள்ளுவண்டி இல்லன்னா தூக்கிக்கலாம். வண்டி நின்னுச்சுன்னா யாரு தூக்குவா?”

தம் காரில் இருக்க வேண்டிய பெல்ட்டைத் தம் கையாலேயே எடை போட்டு, பின்னாலிருந்த தட்டில் வைத்தார். எனக்கு உப்பு மிட்டாய் ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அது இன்னும் என் கோட்டுப் பையில் இருக்கிறது.

10. நம் ஊர் பிரசவப் பிரிவை மூடி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பற்றிப் புகார் செய்ய இந்த மனு போதாது. இப்போது பிரசவத்திற்கு 118 கிலோமீட்டர் போக வேண்டும். நடுவே நாற்பது கிலோமீட்டர் காட்டில் தொலைபேசி எடுக்காது. லீசனுக்கு மருத்துவச்சி ஒரு பை கொடுத்திருக்கிறார். வழியில் பிறந்தால் தொப்புள் கொடியில் போடும் கிளிப், துண்டுகள், ஒரு சின்னத் தொப்பி. பின் இருக்கையில் அந்தப் பை தயாராக இருக்கிறது. அது எஞ்சின் ஓடும் காருக்கான பை. எஞ்சின் நின்றால் ஹீட்டர் நிற்கும். இன்றிரவு ஜன்னல் வெப்பமானியில் மைனஸ் இருபத்தாறு.

பெல்ட் கட்டாயம் அறும் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை இன்னும் ஓராண்டு ஓடும். திரு. ஸ்ட்ராண்ட்மார்க் நம்பியிருப்பதும் அந்த ‘ஒருவேளை’யைத்தான். ஆனால் அவர் அதை வெதுவெதுப்பான காப்பி மேசையில் உட்கார்ந்து நம்புகிறார்.

11. “லீசனிடமே சொல்லியிருக்கலாமே” என்று தாங்கள் கேட்பீர்கள். சொன்னேன், கோழைத்தனமாக. பிப்ரவரி 7 அன்று ஒரு சீட்டில் பெரிய எழுத்துகளில் “உங்கள் பெல்ட் மாற்றப்படவில்லை. தூரம் ஓட்டாதீர்கள்” என்று எழுதி, பெயர் போடாமல், லீசனின் தபால் பெட்டியில் போட்டேன். மறுநாள் மூன்று மணிக் காப்பிக்கு லீசன் அந்தச் சீட்டோடு பட்டறைக்கே வந்துவிட்டார்.

“டோர்க்னி, இதப் பாருங்க, காலைல பெட்டியில கெடந்துச்சு. சிரிச்சதுல எனக்கு இங்கயே பொறந்துரும் போல.”

அவர் வாசித்தார். மெதுவாக மடித்தார்.

“போட்டிக்காரனுங்க வேலையா இருக்கும். வயித்துப்புள்ளக்காரிய இப்டிப் பயமுறுத்துவானுங்களா? மனுசனா அவன்?”

“நான் எங்க பயந்தேன்? நீங்கதான் ஸ்டிக்கர் ஒட்டிருக்கீங்களே.”

“அதான பாத்தேன். சீட்டு எங்கிட்டயே இருக்கட்டும்.”

அவர் கண் கலங்கியது, அம்மையீர். நான் குவளை கழுவிக்கொண்டே பார்த்தேன். அது நடிப்பாக இருந்திருந்தால் கூட அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். தம்மை ஒரு நல்லவர் என்று அவர் உண்மையிலேயே நம்புகிறார்.

12. வெள்ளிக்கிழமை இரவு டாக்கோ சாப்பிட உட்கார்ந்தபோது, புளிப்புக் கிரீம் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டை விரித்து வைத்தார்.

“ஸ்டீனா, இந்தக் கையெழுத்த எங்கயோ பாத்த மாதிரி இல்ல?”

அம்மா பார்த்துவிட்டு வெள்ளரிக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தார். “எல்லாருமே இப்டித்தான் எழுதுறாங்க.”

“மை ஊதா. பள்ளிக்கூடத்துப் பேனா மாதிரி இருக்கு.” என்னைப் பார்த்துச் சிரித்தார். “குட்டி, இனிமே கட லிஸ்ட்ட நீயே எழுதேன். ஒன் கையெழுத்து அழகா இருக்கும்.”

அன்றிலிருந்து மூன்று பட்டியல் எழுதியிருக்கிறேன். பால், காப்பி, ஈஸ்ட். இடது பக்கம் சாய்த்து எழுதினேன். குளிர்பெட்டிக் கதவில் என் பட்டியலும் அந்தச் சீட்டும் ஒரே காந்தத்தின் கீழ் அருகருகே இருக்கின்றன. அவர் பால் எடுக்கும்போதெல்லாம் நின்று இரண்டையும் படிக்கிறார்.

13. அவர் யாரையும் அடித்ததில்லை. இதைத் தாங்கள் பதிவு செய்துகொள்ளலாம், ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். சென்ற இலையுதிர் காலத்தில் நான் ஒரு பொய் சொன்னதற்காக என் அறைக் கதவைக் கீலோடு கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். சீட்டியடித்துக்கொண்டேதான் கழற்றினார். கிறிஸ்துமஸுக்குத் திருப்பி மாட்டினார். பூட்டு மட்டும் திரும்பி வரவில்லை. அம்மா ஒருமுறை அவரை எதிர்த்துப் பேசியபோது மூன்று வாரம் அம்மாவின் கார் பட்டறையில் “பழுது பார்க்க” நின்றது. அம்மா முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்கிறார். அந்த மூன்று வாரமும் பனியில் சைக்கிளில் போனார்.

அம்மாவிடம் பனியைப் பற்றிச் சொன்னேன்.

“நீ பாத்தது ஒரு நாளு. அவரு இந்தத் தொழில முப்பது வருஷமா பாக்குறாரு.”

“பனி கலையவே இல்லம்மா. பறவ நடந்த தடம் கூட இருந்துச்சு.”

“நமக்கு இருக்க ஒரு வீடு இருக்குடி. அந்தப் பறவைக்கு இருக்கா?”

இதற்கு மேல் அம்மாவைப் பற்றி எழுத விரும்பவில்லை.

(இந்த இடத்தில் விளக்கை அணைக்க வேண்டியிருந்தது. அவர் கொதிகலனில் விறகு போடக் கீழே இறங்கினார். நான் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, ஓட்டப் பயிற்சிக்கு நெற்றியில் கட்டும் விளக்கில் எழுதுகிறேன். ஏறி வரும்போது என் கதவருகே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. போய்விட்டார். எழுத்து இங்கிருந்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.)

14. நகராட்சிக்கு வரும் கடிதங்களை யார் கேட்டாலும் காட்ட வேண்டும், கேட்கிறவர் யார் என்று விசாரிக்கவும் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். பள்ளியில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினேன். திரு. ஸ்ட்ராண்ட்மார்க் தம் பெயர்ப்பலகையின் அளவு குறித்து நகராட்சியோடு வழக்காடுவதால், ஒவ்வொரு செவ்வாயும் பத்து மணிக்கு அங்கே வந்து, வந்த கடிதங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார். தங்கள் முத்திரை இந்த மனுவில் விழுந்தால் அது பட்டியலில் ஏறும். பெயர் போடாவிட்டாலும் இரண்டாம் பத்தியைப் படித்தால் நான் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் பத்தியை நீக்கி எழுதிப் பார்த்தேன். அப்போது இதுவும் தபால் பெட்டியில் போட்ட அந்தச் சீட்டு மாதிரியே ஆகிவிட்டது. அதை லீசன் சிரித்துக்கொண்டே எடுத்துவந்தார். இதை யாரும் சிரித்துக்கொண்டே எடுத்துச்செல்லக் கூடாது.

15. நாளை கிரீம் பன் செவ்வாய், நோன்புக்கு முன் ஊரே கிரீம் பன் தின்னும் நாள். மதியத்துக்குள் பன் தீர்ந்துவிடும் என்பதால் திரு. ஸ்ட்ராண்ட்மார்க் நாளைய வாடிக்கையாளரான ஹாக்கிப் பயிற்சியாளரை வண்டியை எடுத்துக்கொள்ள ஒன்பதரைக்கே வரச் சொல்லியிருக்கிறார். அவர்தான் பத்தாவது ஆள். பயிற்சியாளரின் இரண்டு கையும் நிறைந்தவுடன் திரு. ஸ்ட்ராண்ட்மார்க் ஆணிக்குப் போவார். ஆணி காலியாக இருக்கும். பெல்ட் இந்த உறையில் இருக்கிறது. ஆகவே இந்த மனுவை இனி என்னால் திரும்பப் பெற முடியாது. அதற்காகத்தான் முதலில் பெல்ட்டை எடுத்துக்கொண்டு, பிறகு எழுத உட்கார்ந்தேன்.

16. என் வேண்டுகோள் வருமாறு.

பள்ளிக்குப் போகும் வழியில் நான் தங்கள் அலுவலகத் தபால் பெட்டியில் போடும் இந்த உறையை எட்டரை மணிக்குப் பிரித்ததும் லீசன் பியூஸ்ட்ரோம் அவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். கடை எட்டு மணிக்குத் திறக்கிறது, பார்சல் முகப்பில் இருப்பார். சிரிப்பார். திரு. ஸ்ட்ராண்ட்மார்க் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார் என்பார். அப்போது அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிப்ரவரி 2 அன்று கனமான ஒரு பெட்டியை முகவரி ஒட்டி அனுப்பினீர்களே, அதில் இருந்தது என்ன? கணினியில் எடையும் பெறுநரும் இருக்கும். கிழித்த சீட்டை இணைத்திருக்கிறேன். பிறகு வேறு ஊர் மெக்கானிக் ஒருவரைக் கொண்டு அந்தப் பிளாஸ்டிக் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட்டைக் கழற்றத்தான் ஐந்தரை மணி நேரம்; மூடியின் மேல்பகுதியைத் தூக்கிப் பார்க்க அவ்வளவு ஆகாது. அது வரையில் லீசனைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக வேறு கார் ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். செலவை யார் ஏற்பது என்று மூன்று நகராட்சிகளும் குழந்தை பிறந்த பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

மற்ற எட்டுப் பேரின் கார் எண்களும் இணைப்பில் உள்ளன. அவர்களுக்கும் சொல்லுங்கள். அவர்கள் என்னை நம்ப வேண்டாம், அந்தப் பெல்ட்டை ஒரே ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்தால் போதும்.

நாளை பள்ளி இரண்டே முக்காலுக்கு முடிகிறது. அதன் பிறகு நான் எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. இது நுகர்வோர் விவகாரம் அல்ல என்பதை அறிவேன். ஆனாலும் இதைக் கேட்க வேண்டியவர் யாரோ அவரிடம் இரண்டே முக்காலுக்கு முன் சொல்லிவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

17. வரிசை முக்கியம், அம்மையீர். முதலில் தொலைபேசி. லீசன் கார் சாவியைக் கீழே வைத்துவிட்டார் என்று தெரிந்த பிறகு முத்திரை. முத்திரைக்குப் பிறகு திரு. ஸ்ட்ராண்ட்மார்க் பத்து மணிக்கு வந்து கேட்டால் இந்தத் தாள்களை அவருக்குக் காட்டுங்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அவருக்கு விதிகள் என்றால் உயிர். சாய்க்காமல், என் சொந்தக் கையெழுத்தில், ஊதா மையில் எழுதியிருக்கிறேன். குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று அவர் இனிமேல் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

நாள்: பிப்ரவரி 12, இரவு இரண்டே கால் (அதாவது 13)
இடம்: நோர்மீரா, பட்டறைக்கு மேல்மாடி

இப்படிக்கு,
அந்தப் பெட்டியை முகப்பில் கொடுத்தவள்,
(ஒப்பம்) வெண்ட்லா ஓக்கர்லிண்ட்
வகுப்பு 9 பி

இணைப்பு:
டைமிங் பெல்ட் ஒன்று, 153 பற்கள், ஒன்பது வெள்ளைப் புள்ளிகளுடன். தொட்டுப் பார்க்கவும்.
லீசனின் கார் எண் உள்ள, பெட்டியிலிருந்து கிழித்த சீட்டு.
எட்டு கார் எண்கள்.